தமிழ் லெக்சிகனும் கோணமாமலைப் பதிகமும்: ஓர் அகராதி மதிப்புரை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அவற்றில் உள்ள தலைச்சொற்கள் 104,405. 1938, 1939 ஆம் ஆண்டுகளில் வந்த அனுபந்தம் மேலும் 13,357 சொற்களைச் சேர்த்தது. மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாண்ட்லர் பாதிரியார் தொடங்கிவைத்த பணியை, 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்த ச. வையாபுரிப்பிள்ளை நிறைவேற்றினார். இத்தனை பருத்த தொகுதிகளை வீட்டில் வைத்திருப்போர் திருகோணமலையில் மிகச் சிலராகவே இருப்பர். ஆனால் சிக்காகோ பல்கலைக்கழகம் தென்னாசிய மொழிகளின் அகராதிகளைத் திரட்டி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் வரிசையில் லெக்சிகனும் இடம்பெற்றிருப்பதால், கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் இன்று அதனைப் புரட்டலாம். இங்கே நான் மதிப்பிடுவது அந்த மின்வடிவத்தை; அதுவும் ஒரு குறிப்பிட்ட தேவைக்காக மட்டும். ஒரு சொல் காலத்தோடு எவ்வாறு பொருள் மாறி வந்திருக்கிறது என்பதை அறிய இந்த அகராதி எவ்வளவு தூரம் உதவும் என்பதே கேள்வி.

முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தலைச்சொல், அதன் ஒலிபெயர்ப்பு, இலக்கண வகை, சொற்பிறப்பு, தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலிய மொழிகளில் உள்ள உறவுச் சொற்கள், அதன்பின் எண்ணிட்ட பொருள்கள் என்பதே ஒவ்வொரு பதிவின் ஒழுங்கு. ஒவ்வொரு பொருளும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் தரப்படுகிறது. அந்தப் பொருளில் சொல்லை ஆண்ட நூலின் பெயர் சுருக்கக் குறியாகவும், பல இடங்களில் மேற்கோள் வரியாகவும் அடைப்புக்குள் நிற்கிறது. தேவாரத்துக்கு ஒரு குறி, கலித்தொகைக்கு ஒரு குறி, யாழ்ப்பாண அகராதிக்கு ஒரு குறி. இந்தக் குறிகள்தான் இந்நூலின் உயிர். அவற்றைப் பொருட்படுத்தாமல் தாண்டிச் செல்பவருக்கு லெக்சிகன் வெறும் பொருட்பட்டியலாகவே தெரியும்.

வினைச்சொற்களைத் தேடுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 'கொழிக்கும்' என்று பாட்டில் உள்ளபடியே தேடுவதில் பயனில்லை. 'கொழித்தல்' என்ற தொழிற்பெயராகவோ 'கொழி' என்ற பகுதியாகவோ தேட வேண்டும். பகுதியைப் பிரிக்கத் தெரியாதவருக்கு அகராதியின் பாதிக் கதவு மூடியே இருக்கும். இது பழந்தமிழ் அகராதிகள் அனைத்துக்கும் பொதுவானது என்பதால் இதைக் குறையாக எண்ணுவதற்கில்லை.

அகராதியைச் சோதிக்க நான் எடுத்துக்கொண்டது, திருகோணமலையில் சைவப் பிள்ளைகள் சிறுவயதிலேயே மனனம் செய்யும் பாடல். மூன்றாம் திருமுறையில் திருஞானசம்பந்தர் கோணேசர்மேல் பாடிய பதிகத்தின் முதற் பாட்டு, 'நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்' என்று தொடங்கிக் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே' என்று முடிவது. நான்கே அடிகள். அவற்றுள் இன்று நாம் அன்றாடம் வழங்கும் சொற்கள் நிறைய உண்டு. ஆனால் அவை இன்றைய பொருளில் அங்கே நிற்கவில்லை. அரவம், வரை, விடை, சந்து, பிளவு, ஓதம், கொழித்தல் என்னும் ஏழும் தெரிந்த முகத்தோடு வந்து நம்மை ஏமாற்றுபவை. எங்கள் அறநெறிப் பாடசாலையில் ஒரு மாணவி, 'கொடியணி விடையர்' என்ற இடத்தில் நிறுத்தி, "ரீச்சர், விடையர் எண்டா எல்லாக் கேள்விக்கும் விடை தெரிஞ்சவரோ?" என்று கேட்டாள். இறைவனுக்கு அதுவும் பொருந்தாமல் இல்லை என்பதால் வகுப்பு முழுவதும் சிரித்தது.

இவற்றுள் விடையும் சந்தும் லெக்சிகன் எளிதில் தீர்த்துவைக்கும் வகையைச் சேர்ந்தவை. எருதைக் குறிக்கும் விடை வேறு. விடு என்னும் வினையடியாகப் பிறந்து மறுமொழியைக் குறிக்கும் விடை வேறு. அவ்வாறே சந்தனத்தைக் குறிக்கும் சந்து வேறு. சந்தி என்பதோடு உறவுடையதாய் இன்று ஒடுங்கிய தெருவைக் குறிக்கும் சந்து வேறு. ஒலியால் ஒன்றுபோல் தோன்றும் இத்தகைய சொற்களை லெக்சிகன் தனித்தனித் தலைச்சொற்களாக எண்ணிட்டு நிறுத்துகிறது. பொருள் மாறிய ஒரே சொல்லுக்கும், ஒரே உருவில் வந்து சேர்ந்த இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சொல்மாற்றத்தைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விரண்டையும் குழப்பி, சந்தனம் எப்படியோ தெருவாகிவிட்டது என்று வியப்பது உண்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதை இந்த அகராதியை ஒருமுறை திறந்தால் அறியலாம்.

ஓதம் வேறு வகை. கடல், அலை, வெள்ளம், ஈரம், உடலில் நீர் கோத்து வரும் நோய் என்று பல பொருள்கள் இதன்கீழ் நிற்கின்றன. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறிவிட்டது என்று சொல்லும் நம் காதுக்கு, குரைகடலின் ஓதம் முதலில் ஈரமாகவே படும். ஆனால் பாட்டில் அது பொங்கி எழுந்து கரையில் மோதும் அலைப்பெருக்கு. இந்தச் சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு: கடல்நீரின் ஏற்றத்தாழ்வைக் குறிக்கத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஓதம் என்ற பழஞ்சொல்லை மீட்டெடுத்தன, நம் நாட்டுப் புவியியல் பாடத்தில் அதற்கு வற்றுப்பெருக்கு என்பதே வழங்கிவருகிறது. ஆகவே சம்பந்தர் சொல் அக்கரை மாணவனுக்குப் பாடநூற் சொல்லாகவும் இக்கரை மாணவனுக்குச் சுவரின் ஈரமாகவும் ஆகிவிட்டது. பாடல் பெற்ற தலம் என்னவோ இக்கரையில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் அபாயமானது கொழித்தல். விடையர் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டால் தவறு உடனே தெரிந்துவிடும். 'நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டாலோ தெரியவே தெரியாது. இலாபம் கொழிக்கும் தொழில், செல்வம் கொழிக்கும் நாடு என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர், முத்து நிறைந்து விளங்கும் கோணமலை என்று பொருள் கொண்டு மனநிறைவோடு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். ஆனால் அந்த வரியில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. சுளகில் இட்ட அரிசியை அசைத்து அசைத்து மணியையும் குறுணியையும் பிரிப்பதற்குக் கொழித்தல் என்று பெயர். அதையே கடலலை செய்கிறது, முத்தை அரித்தெடுத்துக் கரையில் ஒதுக்குகிறது. லெக்சிகன் இந்தச் சொல்லின்கீழ்ப் புடைத்துத் தெள்ளுதலையும், அலை கரையில் ஒதுக்குதலையும், செழித்தலையும் தருகிறது. இவை மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான் மாற்றம் நடந்த பாதை புலனாகிறது: பிரித்தெடுத்தல், பிரித்தெடுத்ததை ஓரிடத்தில் குவித்தல், குவிந்ததால் வரும் வளம். முன்பு செயப்படுபொருளை வேண்டி நின்ற வினை, இன்று அதை வேண்டாமலே நிற்கிறது. முத்தைக் கொழித்த அலை போய், முத்தே கொழிக்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் இந்தப் பாதையை நான் வரைந்தேனே தவிர, அகராதி வரைந்து தரவில்லை. லெக்சிகனின் பெருங்குறை என்று நான் கருதுவது இதுதான். எந்தப் பொருள் முன்னே வந்தது, எது பின்னே வந்தது, எது எப்போது வழக்கொழிந்தது என்பதை அது சொல்வதில்லை. எல்லாக் காலத்துப் பொருள்களும் வயது சொல்லாமல் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஏறத்தாழ இதே தலைமுறையில், 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள்களை ஆண்டு குறித்துக் கால வரிசையில் அடுக்கியது. ஒரு சொல்லின் பொருள் எந்த நூற்றாண்டில் திசை திரும்பியது என்பதை அதில் கண்ணால் காணலாம். லெக்சிகனில் காண வேண்டுமானால், அடைப்புக்குள் இருக்கும் நூற்குறியை விரித்து, அந்த நூலின் காலத்தை வேறெங்கோ தேடி, பொருள்களை நாமே மறுபடி அடுக்க வேண்டும். குறிகளின் விரிவு அச்சுப் பதிப்பில் தொகுதியின் முகப்பில் இருக்கிறது. பதிவைப் படிக்கும் இடத்திலேயே அது கிடைப்பதில்லை.

இருந்தாலும் ஆண்டு குறிக்காததற்காகப் பதிப்பாளர்களை நான் முழுவதும் குறைசொல்ல மாட்டேன். சங்க நூல்களின் காலமும் தொல்காப்பியத்தின் காலமும் இன்றும் தீராத வழக்குகள். வையாபுரிப்பிள்ளை தாமே நூல்களுக்குப் பிந்திய காலங்களைக் குறித்ததற்காக வாழ்நாள் முழுவதும் கண்டனம் கேட்டவர். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ஓர் ஆண்டைப் பொறித்திருந்தால் அகராதி எழுந்திருக்குமா, வாதம்தான் எழுந்திருக்குமா என்று சொல்ல முடியாது. சொல்லின் பொருளுக்கான காரணம் பார்த்தவுடன் விளங்கித் தோன்றாது என்ற கருத்தில் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்ற தொல்காப்பியரும் இந்த விடயத்தில் அவசரப்படவில்லை. சொற்பிறப்புப் பகுதியைப் பொறுத்தவரை என் நம்பிக்கை குறைவு. பல தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டியதற்காகத் தேவநேயப் பாவாணர் இந்த அகராதியைக் கடுமையாக மறுத்தார். அந்த மறுப்பின் வழியில்தான் 1974இல் தமிழ்நாட்டில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியது. பாவாணர் முடிவுகள் அனைத்தையும் ஏற்காதவரும், லெக்சிகனின் மூலக் குறிப்பைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் ஒரு கருத்தாகக் கொள்வது நல்லது.

பொருள்மாற்றத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் எல்லோரும் நாற்றத்தைத்தான் சொல்வார்கள். முன்பு நறுமணத்துக்கும் வழங்கிய சொல் இன்று துர்நாற்றத்துக்கே உரியதாகிவிட்டது. மொழிநூலார் இதை இழிபொருட்பேறு என்பர். பலரும் சொல்லிவிட்டதால் இதை இங்கே விரிக்கவில்லை. ஆனால் அதே சரிவில் இன்னொரு சொல் இறங்கிக்கொண்டிருப்பதை நம் ஊரில் கேட்கலாம். மீன் வெட்டிய கையைக் கழுவாமல் வந்த பிள்ளையிடம் "கை மணக்குது, போய்க் கழுவு" என்று தாய் சொல்லும்போது, மணம் அங்கே மல்லிகையின் மணம் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு.

நாற்றத்தைவிட எனக்குச் சுவையாகப் படுவது கறி. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் வந்து குவியும் பண்டங்களைச் சொல்லும்போது, 'காலின் வந்த கருங்கறி மூடையும்' என்கிறது. அங்கே கறி என்பது மிளகு. சில அடிகள் கழித்து அதே பட்டியலில் 'ஈழத்து உணவும்' வருகிறது என்பதை நம்மவர் கவனிக்காமல் விடக்கூடாது. அகநானூறும் யவனரின் மரக்கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று முசிறியைப் பாடுகிறது. மிளகு இட்டுச் சமைத்த துணையுணவுக்கும் அந்தப் பெயர் பரவியதா, அல்லது கறித்தல் என்ற வினையிலிருந்து கடித்துத் தின்னும் பொருளுக்கெல்லாம் பெயராயிற்றா என்பதில் இரண்டு வழிகளும் தோன்றுகின்றன. லெக்சிகன் கடித்துத் தின்னுதல், மரக்கறி, இறைச்சி, மிளகு என்று நான்கையும் தந்து நம்மிடமே விட்டுவிடுகிறது. இன்று தமிழ்நாட்டில் கறி என்றால் பெரும்பாலும் இறைச்சி. நமக்கோ சோற்றோடு சேரும் எதுவும் கறி. மீன் கறியும் உண்டு, பருப்புக் கறியும் உண்டு, சந்தையில் வாங்குவது மரக்கறி. ஒரு சொல் ஒரு கரையில் சுருங்கி மறுகரையில் விரிந்திருப்பதைக் காட்ட இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. எள்ளின் நெய்யாக இருந்த எண்ணெய், தேங்காய்க்கும் மண்ணுக்கும் பரவிய விரிவையும் இதன் பக்கத்தில் வைக்கலாம்.

இலங்கை வழக்கை லெக்சிகன் புறக்கணித்தது என்று சொல்வது நியாயமாகாது. அதன் அடித்தளத்தில் 1862இல் வந்த வின்சிலோ பாதிரியாரின் அகராதி இருக்கிறது. அந்தப் பணி யாழ்ப்பாணத்து மிசனரிமாரிடையே தொடங்கியது. 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியும் மேற்கோளாகிறது. யாழ்ப்பாண வழக்குக்கென்று 'ஜே' என்ற ஆங்கில எழுத்துக் குறியும் உண்டு. ஆனால் கிழக்குக் கரைக்கென்று ஒரு தனிக்குறியை நான் இதுவரை அதில் கண்டதில்லை. யாழ்ப்பாணம் சொன்னால் இலங்கைத் தமிழ் முழுவதும் சொன்னதாகிவிடும் என்ற எண்ணம் அகராதிகளில் மட்டும் இருப்பதல்ல.

அதனால் நம் ஊரில் பொருள் மாறி நிற்கும் சொற்களுக்கு இந்த அகராதி அரைத் துணைதான். விதானையார் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கிராமத் தலைவர் முறை 1963இல் நீக்கப்பட்டு, கிராம சேவகர் என்ற அரச அலுவலர் வந்தார். பதவி போய் அறுபது ஆண்டு கடந்தும் தம்பலகாமத்து முதியவர் அந்த அலுவலரை விதானையார் என்றுதான் அழைப்பார். வயலில் நீர்ப் பங்கீட்டைப் பார்ப்பவர் வட்டவிதானை. பெயர் தன் பழைய பதவியைக் கழற்றிவிட்டுப் புதிய ஆளின் மேல் ஏறிக்கொண்டது. அலுவலகத்தைக் குறிக்க ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கந்தோர் நேர்மாறானது. பொருள் மாறவில்லை, அதைச் சொல்வோரின் வயது மாறிவிட்டது. காணிக் கந்தோருக்குப் போகிறேன் என்பவர் அறுபதைத் தாண்டியவராக இருப்பார், அவருடைய பேரன் ஒஃபீசுக்குப் போவான். போர்த்துக்கேயர் தந்த கதிரையும் அலுமாரியும் மட்டும் எல்லா வயதினரிடமும் உறுதியாக இருக்கின்றன.

நம் பிரதேச செயலகத்தின் பெயரே ஒரு பாடம். 'பட்டினமும் சூழலும்' என்பதில் பட்டினம் தன் பழைய பொருளான கடற்கரை ஊரை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது, ஆனால் இன்று கடலே காணாத ஊர்களும் பட்டினம் எனப்படுவதால் அதை யாரும் உணர்வதில்லை. சூழல் என்பது ஊரைச் சூழ்ந்த இடம் என்ற பொருளில் அங்கே நிற்கிறது; பாடசாலைப் பிள்ளைக்கோ சூழல் என்றால் மரம் நடுகையும் பொலித்தீன் தவிர்ப்பும்தான் நினைவுக்கு வரும்.

1939க்குப் பின் பிறந்த பொருள்களை லெக்சிகனில் தேடுவது வீண். கொத்து என்றால் பூங்கொத்து முதலாகப் பல பொருள்களை அது சொல்லும். அரிசி அளந்த கொத்தையும் நம் மூத்தோர் அறிவர். இரவில் கடைத்தெருவில் சூடான இரும்புத் தட்டின்மேல் தாளம் போட்டபடி தயாராகும் கொத்து அதில் இருக்க முடியாது. கரைவலை இழுக்கும் ஊரில் வலை என்ற சொல் இணையத்துக்கும் பெயராகிவிட்டதையும் அது அறியாது. இந்தத் தேவைக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியே உகந்தது. 1992இல் முதலில் வெளிவந்து, 2008இலும் 2020இலும் திருத்திய பதிப்புகளைக் கண்ட அந்த நூல் இன்றைய எழுத்து வழக்கிலிருந்து பொருளைக் காண்கிறது. இலங்கை வழக்குகளைக் குறியிட்டுத் தனியே காட்டுவதும் அதன் சிறப்பு. ஆனால் அது பழைய பொருளைச் சொல்ல வந்த நூல் அல்ல; ஓதத்தின் அலையை அதில் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே சொல்லைப் பார்த்தால், ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமற் போன பொருள் எது என்பது தெரிந்துவிடும். கால வரிசை தராத குறையை இப்படி ஓரளவு ஈடுசெய்யலாம் என்பது நான் மாணவருக்குச் சொல்லும் வழி.

இன்னும் ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். சிக்காகோ தளத்தில் வின்சிலோ, பப்ரிசியசு, கதிரைவேற்பிள்ளை ஆகியோரின் அகராதிகளும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் தனித்தனியே தேடக் கிடைக்கின்றன. வின்சிலோவில் ஒரு பொருள் இருந்து, எழுபது ஆண்டு பிந்திய லெக்சிகனில் அதற்கு இலக்கிய மேற்கோள் இல்லாமல் வின்சிலோவின் பெயர் மட்டும் சான்றாக நின்றால், அது பேச்சிலிருந்தோ கேள்வியிலிருந்தோ பிடித்த பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். தலைச்சொல்லில் மட்டுமன்றி விளக்கத்தின் உள்ளேயும் தேட முடிவதால், மிளகு என்று எழுதி, மிளகைக் குறித்த பழைய பெயர்களையெல்லாம் ஒரே பார்வையில் எடுக்கலாம். அச்சுத் தொகுதியில் இதைச் செய்ய ஓர் ஆயுள் வேண்டும்.

சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்கு இந்த அகராதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆங்கிலமும் சுருக்கக் குறிகளும் நிறைந்த பதிவுகள் அவர்களைப் பயமுறுத்தும். பல பொருள்களில் தமக்குப் பிடித்ததை எடுத்து விடைத்தாளில் எழுதிவிடுவார்கள். உயர்தரத்தில் தமிழ் எடுப்பவர்கள் ஆசிரியர் துணையோடு திறக்கலாம். திருமுறையோ சங்கப்பாட்டோ உரையின்றிப் படிக்க முயல்வோர், கோயில் மலருக்குக் கட்டுரை எழுதுவோர், பழைய காணி உறுதிகளையும் ஏடுகளையும் வாசிப்போர் ஆகியோருக்கு இது இன்றியமையாதது, கட்டணமும் இல்லை. பதிகத்தின் மீதமுள்ள பாடல்களை எங்கள் வகுப்பு இனித்தான் தொடங்கவிருக்கிறது. தெரியாத சொற்களைவிடத் தெரிந்தவைபோல் தோன்றும் சொற்களையே முதலில் தேடச் சொல்லியிருக்கிறேன்.